மினதி காதில் விழுந்த சொல்

நாகலூர் எஸ்டேட் லைன் வீட்டுக்கு நானும் நர்ஸ் தீபிகாவும் போனாலே மினதி கதவைச் சாத்திவிடுவாள். ஒடிசாவிலிருந்து காபி பறிக்க வந்த பெண். கையில் மூன்று மாதக் குழந்தை. அதற்குப் போட வேண்டிய தடுப்பூசி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. நான் அங்கே அங்கன்வாடி டீச்சர், வாய் சும்மா இருக்காத ஆள். ஜன்னலோரம் நின்று நாங்கள் கொஞ்சக் கொஞ்ச, அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

"ஊசிக்குப் பயந்துக்கறாங்க டீச்சர்" என்பாள் தீபிகா. நானும் தலையாட்டுவேன்.

அப்புறம் வெளிமாநிலக் குடும்பங்களோடு பழகுவது எப்படி என்று ஏற்காட்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பழகுவதற்குக்கூடப் பயிற்சியா? போண்டாவுக்காகத்தான் போனேன். ஆனால் பயிற்சி நடத்திய செபாஸ்டின் சார் சொன்னது மனசில் நின்றுவிட்டது: "அவங்க ஏன் பயப்படறாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பாஷை தெரிஞ்சவங்கள வெச்சுக் கேளுங்க."

அதனால் மினதியின் புருஷன் சுகாந்த் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் போனோம். வாசலிலேயே தீபிகா கையை நீட்டினாள்.

"வாடா என் கண்ணு!"

மினதி அழ ஆரம்பித்தாள்.

"ஏனுங்க தம்பி, எதுக்குங்க அழுவறாங்க?" என்றேன்.

சுகாந்துக்குத் தெரிந்தது வேலைத் தமிழ்தான்: கூடை, கொட்டை, சாக்கு. தடுமாறிச் சொன்னான்: "டீச்சர்... பாப்பாவ கணா சொல்றீங்க. எங்க ஊர்ல கணான்னா இது." ஒரு கண்ணைக் கையால் பொத்தி, பார்வை இல்லை என்று தலையாட்டிக் காட்டினான். "ஊசி போட்டா பாப்பா கணா ஆயிரும்னு இவ நெனைக்கறா."

"அட மாரியாத்தா!" என்று தீபிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்களிடம் இருக்கிற பிரியமான சொல்லே 'கண்ணு'தானே! அதைச் சாபமாகக் கேட்டு, குழந்தையைக் காப்பாற்றத்தான் இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

என் இரண்டு கண்ணையும் தொட்டேன். "இதுங்க கண்ணு. பாப்பா எங்களுக்கு இது மாதிரிங்க. நொம்ப உசுருங்க."

சுகாந்த் அவள் பாஷையில் சொன்னான். மினதி என்னையே பார்த்தாள். மெல்ல விரலை நீட்டி என் இமையைத் தொட்டாள். குழந்தையிடம் குனிந்து, "கண்ணு" என்றாள். பிறகு, "சுனா" என்றாள்.

"எங்க ஊர்ல அப்படிக் கொஞ்சுவோம். தங்கம்" என்றான் சுகாந்த்.

"நாங்களும் தங்கம்னுதானுங்க கொஞ்சறோம்!" என்றாள் தீபிகா.

எத்தனை மலை, எத்தனை ஆறு தாண்டி வந்திருக்கிறாள்! அங்கேயும் குழந்தை என்றால் தங்கம்தானா!

புதன்கிழமை மினதி தானாகவே புருஷனோடு அங்கன்வாடிக்கு வந்தாள். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது.

"அழுவாதடா சாமி, அவ்ளோதான்!" என்றாள் தீபிகா.

மினதி சட்டென்று நிமிர்ந்தாள். இந்தச் சொல்லும் தப்பாக விழுந்துவிட்டதோ என்று நான் சுகாந்தைப் பார்த்தேன். அவளோ, "சாமி?" என்று கேட்டு, குழந்தையைக் காட்டி, சுகாந்தைக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டீச்சர்," என்றான் சுகாந்த், "எங்க ஊர்ல ஸ்வாமின்னா புருஷன்!"