கண்ணாடி அலமாரியில் மோடம்

சாமுண்டீஸ்வரியின் வீட்டில் உறையில்லாத பொருள் கிடையாது. தொலைக்காட்சிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்சிக்கு உறை. தொலைபேசியின் ரிசீவருக்குக்கூடச் சரிகை வைத்த ஒரு குல்லாய். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய குரோம்பேட்டைத் தெருவில் தூசி அதிகம் என்பது அவள் சொன்ன காரணம். விருந்தினர் பார்த்து வியக்க வேண்டும் என்பது சொல்லாத காரணம். 2007இல் பிராட்பேண்ட் இணைப்பு வந்தபோது மோடத்திற்கும் மெரூன் வெல்வெட்டில் உறை தைத்தாள். விளக்குகள் மட்டும் தெரியும்படி முன்புறம் ஒரு சிறிய சன்னல் வெட்டினாள். பிறகு அதைக் கூடத்து ஷோகேஸில், கண்ணாடிக் கதவுக்குள், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த இணைப்பு மருமகள் கோகிலவாணிக்காக வாங்கப்பட்டது. அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்யும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. திருமணத்துக்கு முன் நாவலூர் அலுவலகத்தில் செய்ததைக் குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே செய்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் உதவும் மிதிகட்டையில் பாதத்தை வைத்து அவள் அமர்ந்துவிட்டால், அந்த வீட்டில் யாரும் அவளைக் காப்பிக்காக எழுப்புவதில்லை. வேறெந்த நேரத்திலும் அவளுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

சித்திரை வெயில் ஏறியதும் பிற்பகல்களில் இணைப்பு அறுந்தது. கோப்புகள் தாமதமாகச் சென்றன. மேற்பார்வையாளர் ஜெபராஜ் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. உங்க ஃபைல் எல்லாத்தையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

புகார் கொடுத்தபின் லைன்மேன் வந்தார். கம்பத்திலிருந்து கூடம்வரை கம்பியைச் சோதித்து, லைனில் கோளாறு இல்லை என்றார். கோகிலவாணி அப்போதுதான் ஷோகேஸைத் திறந்து உறையை உருவினாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் கை சுட்டது.

லைன்மேன் சிரித்துவிட்டார். "இன்னாக்கா இது, இந்த வெயில்ல அதுக்குப் போய் ஸ்வெட்டர் போட்டுக்கீறீங்க!"

அன்றே அவள் மோடத்தை வெளியே எடுத்தாள். இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன் துளைகள் வழியே அடியில் காற்றுப் போகும்படி, சன்னலோர நிழலில் அதன்மேல் வைத்தாள். அதன்பின் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. சாமுண்டீஸ்வரி மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள்.

"அழகா இருந்தத இட்லித் தட்டு மேல ஏத்தி வச்சிருக்கா. பாக்கறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

பார்ப்பவர்களும் வந்தார்கள். நாத்தனார் ரேணுகாதேவியைப் பெண் பார்க்கப் பொத்தேரியிலிருந்து ஒரு குடும்பம் ஒருநாள் பிற்பகலில் வருவதாக இருந்தது. அன்றும் கோகிலவாணிக்குக் கோப்புகள் இருந்தன. நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டியவை. காலையிலிருந்து தட்டச்சு செய்து முடித்துவிட்டு, புடவை மாற்ற அறைக்குள் போனாள். திரும்பியபோது சன்னலோரம் காலியாக இருந்தது. மோடம் வெல்வெட் உறைக்குள், ஷோகேஸுக்குள் இருந்தது. அலங்காரத்துக்காக ஷோகேஸின் மஞ்சள் குண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தது. கதவு பூட்டப்பட்டு, சாவி சாமுண்டீஸ்வரியின் முந்தானையில் முடியப்பட்டிருந்தது.

"அத்தை, சாவிய குடுங்க. சூடாயிட்டா லைன் போயிடும். நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

"வாசல்ல கார் வந்து நிக்குது. இப்பப் போய் எல்லாத்தையும் இறக்கி வைக்கச் சொல்றியா? அவங்க போகட்டும்."

கணவன் மோகன்ராஜைப் பார்த்தாள். "ஒரு மணி நேரம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்று அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

அவள் கணினிக்கு ஓடி, கோப்புகளை அனுப்பத் தொடங்கினாள். பாதி சென்றதும் நின்றது. உறையின் சன்னலில் இணைப்பு விளக்கு படபடத்து அணைந்தது. தெருமுனை இன்டர்நெட் கடைக்கும் போக முடியாது. நிறுவனத்தின் மென்பொருள் இந்தக் கணினியில் மட்டுமே இயங்கும். அதற்குள் சமையலறையிலிருந்து காப்பித் தட்டு அவள் கைக்கு வந்தது.

மாப்பிள்ளையின் தாய் தாயாரம்மாள் காப்பியை வாங்கிக்கொண்டு ஷோகேஸை உற்றுப் பார்த்தாள்.

"அதென்னங்க, குட்டியா, வெல்வெட் போட்டு?"

"மோடம். எங்க மருமக அமெரிக்கா டாக்டருங்களுக்கு வேலை செய்றா, வீட்லருந்தே," என்றாள் சாமுண்டீஸ்வரி. "ரேணுகாவுக்கும் அவதான் சொல்லிக் குடுக்கப் போறா."

"அப்படியா! வெளிய போகாம சம்பாதிக்கிற பொண்ணுன்னா எங்களுக்கும் சௌகரியம்."

கடிகாரம் நான்கைத் தாண்டியதைக் காப்பித் தட்டுடன் நின்ற கோகிலவாணி மட்டுமே பார்த்தாள்.

அவர்கள் சம்மதம் சொல்லி, பூ வைத்துவிட்டுக் கிளம்ப ஐந்தரை ஆனது. சாவி கைக்கு வந்து, மோடம் ஆறி, கோப்புகள் போய்ச் சேர்ந்தபோது ஜெபராஜின் அழைப்பு வந்தது. அவர் கோபப்படவில்லை. "ஸாரி மேடம். நாளையிலருந்து உங்களுக்கு ஃபைல் வராது," என்று மட்டும் சொன்னார்.

அவள் கூடத்துக்கு வந்து அதைத் தெரிவித்தாள். ரேணுகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். மோகன்ராஜ், "வேற கம்பெனி கிடைக்காமலா போகும்?" என்றான். சாமுண்டீஸ்வரி சற்று யோசித்தாள்.

"கல்யாணம் முடியறவரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது. அத நம்பித்தான் பூ வச்சிட்டுப் போயிருக்காங்க."

வேறு கம்பெனி கிடைக்கவில்லை. நேரத்துக்குக் கோப்பு அனுப்பாதவள் என்ற பேச்சு அந்தத் தொழிலில் அவளுக்கு முன்பே சென்று சேர்ந்திருந்தது. மோடம் ஷோகேஸிலேயே தங்கியது; இட்லித் தட்டு சமையலறைக்குத் திரும்பியது.

நிச்சயத் தேதி பேசத் தாயாரம்மாள் மீண்டும் வந்தபோது, கோகிலவாணி கணினியின் முன் அமர்த்தப்பட்டிருந்தாள். காதில் ஹெட்ஃபோன். அதில் ஒலி எதுவும் இல்லை. பாதம் மிதிகட்டையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

"பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்," என்று தாயாரம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கார் தெரு திரும்பியதும் சாமுண்டீஸ்வரி ஷோகேஸின் பல்பை அணைத்தாள்.

"போதும் கோகிலா, எழுந்திரு. காப்பி போடு."