வெள்ளிக்கிழமை ரிலீஸ்

வேட் ஆலிங்கர் சும்மா எதையும் தருகிற ஆள் இல்லை. அதனால்தான் திங்கட்கிழமை காலை மேலதிகாரியான அவர் நீட்டிய நீல உறையை வாங்க மார்லா ஷிமான்ஸ்கியின் கை தயங்கியது.

"பிரிச்சுப் பாரு. கடிக்காது," என்றார் வேட்.

பிரித்தாள். எம்.பி.ஏ. விண்ணப்பம். வேலையை விடாமல் படிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளியும் சனியும் வகுப்பு, இருபது மாதம். செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

"எனக்கு எதுக்கு?"

"எதுக்கா? பிளான்ட் மேனேஜர் வேலைக்கு ரெண்டு தடவை கேட்ட. ரெண்டு தடவையும் எம்.பி.ஏ. இல்லன்னு மேலிடத்துல தள்ளிட்டாங்க. இப்ப வழி பண்ணித் தர்றேன். முகத்தைப் பாரு, மருந்து குடிச்ச மாதிரி."

"அந்த ரெண்டு தடவையும் நீங்க எனக்காக ஒரு வார்த்தை பேசலையே, வேட். இப்ப என்ன திடீர்னு?"

"மனுஷன் திருந்தவே கூடாதா?" சிரித்தார். "வியாழன் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. வெள்ளியோட காலேஜ்ல கெடு முடியுது."

டொலீடோ நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிற அந்த ஆலை, பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் வால்வு செய்கிறது. மார்லா அங்கே தரப் பரிசோதனைத் தலைவி. பதினாலு வருஷம். வாரம் முழுக்கச் செய்த சரக்கு வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேஜைக்குத் தாளாக வரும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கதவு திறக்கும். அந்தக் கையெழுத்துக்கு ஆலையில் 'ரிலீஸ்' என்று பெயர். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. சினிமா ரிலீஸ் என்றால்கூட எந்த லாரியில் என்று கேட்பார்கள்.

போன குளிர்காலத்தில் நாலு வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. வால்வில் காற்றுக் கசிவு. லாரிகள் காலியாகத் திரும்பின. அதற்கப்புறம் உற்பத்தித் தலைவன் ட்ரென்ட் மெக்கிளஸ்கி அவளிடம் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவான்.

அந்த ட்ரென்ட் அன்று மதியம் கேன்டீனில் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தான். தட்டில் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் இரண்டு.

"என்னம்மா, காலேஜ் போறியாமே. நோட்டுக்கு அட்டை போட்டாச்சா?"

"யார் சொன்னா?"

"காத்துல வந்துச்சு. நல்லா படி. வெள்ளிக்கிழமையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

மார்லா ஸ்பூனைக் கீழே வைத்தாள். உறை அவள் கைக்கு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. எந்தக் கிழமை வகுப்பு என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்காக அந்த உறையைக் குப்பையில் போட்டுவிடவும் மனசு வரவில்லை. ஆசை நிஜமான ஆசை. வயது நாற்பத்தொன்று. வால்வைக் கையில் எடுத்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் மூலதனம், லாப விகிதம் என்று பேச்சு திரும்பினால், புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்து எரிச்சலில் இரண்டு கப் காபி குடிப்பாள். மேனேஜர் நாற்காலிக்கும் தனக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு பட்டம்தான் என்று ரொம்ப நாளாக நம்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குப் போனாள். ஏற்கெனவே படித்து முடித்த ஒரு பெண்மணி, மருத்துவமனை நிர்வாகி, பேசிவிட்டுக் கீழே இறங்கியதும் மார்லா அவளை ஓரம் கட்டினாள்.

"மைக்ல சொன்னத விடுங்க. நிஜமா என்ன கிடைச்சுது?"

அந்தப் பெண்மணி சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு விஷயம். கணக்கு வழக்கைப் படிக்கக் கத்துக்கிட்டேன். கூட்டத்துல எங்க உக்காரணும்னு கத்துக்கிட்டேன். முதலாவது லைப்ரரியிலயே கிடைக்கும்."

"ரெண்டாவது?"

"அதுக்குத்தான் இருபது மாசம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கறேன். உங்கள யாரு அனுப்பறாங்க?"

"பாஸ்."

"தானாவா? நீங்க கேக்காமலா?"

மார்லா தலையாட்டினாள். அந்தப் பெண்மணி உதட்டைப் பிதுக்கிவிட்டு, காபி இருக்கிற பக்கம் நகர்ந்துவிட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு வேட்டின் செயலாளர் ஜோலீன் வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஆலையின் எல்லாத் தாள்களும் அவள் விரல் பட்டுத்தான் வெளியே போகும்.

"கம்பெனி பக்கத்தை நிரப்பிட்டேன் கண்ணு. பாத்துட்டு உன் கையெழுத்தைப் போட்டுடு."

மார்லா வரிவரியாகப் படித்தாள். படிப்பதுதானே அவள் பிழைப்பு. ஏழாவது வரியில் கண் நின்றது.

*வெள்ளிக்கிழமை ரிலீஸ்: ஒப்புதல் தருபவர், காலம்.*

வகுப்புக்காக வெள்ளிக்கிழமைகளில் இவளை வேலையிலிருந்து விடுவிப்பதாக உறுதி தருவது யார், எவ்வளவு நாளைக்கு? கல்லூரி கேட்டது அவ்வளவுதான். வேட் ஆலிங்கர், இருபது மாதம் என்று எழுதியிருந்தால் போதும்.

ஜோலீனின் குண்டு எழுத்தில் அங்கே வேறொன்று இருந்தது. *ட்ரென்ட் மெக்கிளஸ்கி. செப்டம்பர் முதல், எல்லா வெள்ளியும். நிரந்தரம்.*

மார்லா குரலை மாற்றாமல் கேட்டாள். "ஜோலீன், இந்த ஏழாவது வரி யார் சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல. வெள்ளி ரிலீஸ் யாருன்னு கேட்டிருக்காங்க. ஒரு காலேஜுக்கு நம்ம லாரி மேல என்ன அக்கறைன்னு நினைச்சேன். வேட்கிட்ட கேட்டேன், போன்ல இருந்தாரு, பழைய ஃபைலப் பாத்து எழுதுன்னு கையை ஆட்டினாரு. போன மாசம் டைப் பண்ணின மெமோ இருந்துச்சு. அதைப் பாத்து எழுதிட்டேன். தப்பா?"

"இல்ல. ரொம்பச் சரியா எழுதியிருக்க."

ஜோலீன் போன பிறகு மார்லா கதவைச் சாத்தினாள். மெமோ போன மாதம். உறை இந்தத் திங்கள். வகுப்பு ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, மெமோவில் எல்லா வெள்ளியும். படிப்பு இருபது மாதம், மெமோவில் நிரந்தரம். அவள் இல்லாத நாளில் கையெழுத்துப் போட அவளிடமே பயிற்சி பெற்ற தெரேசா பினெடா இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு, சரக்கைச் செய்கிறவன் கையிலேயே ரிலீஸ். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளப் போகிறான்.

வியாழன் மதியம் வேட்டின் அறைக்குப் போனாள். விண்ணப்பத்தை மேஜையில் வைத்தாள். ஏழாவது வரியை அடித்து, வேட்டின் பெயரை எழுதியிருந்தாள். கூடவே ஒரு தனித் தாள்: மார்லா வகுப்புக்குப் போகும் வெள்ளிகளில் மட்டும் தெரேசா பினெடா ரிலீஸ் தருவார், படிப்பு முடிந்ததும் பொறுப்பு மார்லாவிடமே திரும்பும்.

"ரெண்டுலயும் நீங்க போட்டா நான் போடறேன்."

வேட் படித்தார். முதல் தாளைப் படிக்கும்போது சிரிப்பு இருந்தது. இரண்டாவதில் இல்லை.

"மெமோ விஷயம் யாரு சொன்னா?"

"உங்க விண்ணப்பமே சொல்லுச்சு."

"ஜோலீன்." பெருமூச்சு விட்டார். "இங்க பாரு மார்லா. நீ மேனேஜர் ஆகப் போறவ. இன்னும் எத்தன நாளைக்கு வால்வை ஊதிப் பாத்துட்டு இருப்ப?"

"மேனேஜர் நாற்காலி எப்ப காலியாகுது?"

"ஜனவரியில."

"என் படிப்பு முடிய அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமே. அதுவரைக்கும் காலியாவா இருக்கும்?"

வேட் பேனாவைச் சுழற்றினார்.

"ட்ரென்டா?"

பேனா இன்னும் வேகமாகச் சுழன்றது.

"ட்ரென்ட் எங்க எம்.பி.ஏ. படிச்சாரு, வேட்?"

"அவனுக்கு அனுபவம் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பேனா நின்றது. மார்லா இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டாள்.

"மார்லா. யோசிச்சுப் பாரு. இந்த மாதிரி திரும்ப வராது."

"வராது. வெள்ளிக்கிழமை நான் இங்கதான் இருப்பேன். ரிலீஸ மாத்தறதா இருந்தா, காரணம் எழுதி எனக்கொரு நகல் குடுங்க. வால்வு வாங்கற பஸ் கம்பெனிக்கும் காட்டணும்ல."

வேட் எழுதித் தரவில்லை. தர மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. இந்த வாரத்தில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

வெள்ளி மதியம் கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்தாள். விண்ணப்பம் வராது என்றாள். எடுத்த பெண் பழகிய குரலில் வருத்தம் தெரிவித்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மார்லா. "கம்பெனி கையெழுத்து இல்லாம படிக்க வழி இருக்கா?"

"மாலை வகுப்பு இருக்கு. மூணு வருஷம். செலவு உங்களோடது."

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. மாலை வகுப்புல படிச்சவங்க அதே கம்பெனியில மேல போனாங்களா, வெளிய போனாங்களா?"

மறுமுனையில் விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

"போன மூணு வருஷத்துல... பாதிக்கு மேல வெளிய போயிருக்காங்க. அத நாங்க விளம்பரத்துல போடறதில்ல."

"அப்ப விண்ணப்பத்த அனுப்புங்க. வீட்டு முகவரிக்கு."

ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். வாசலில் ட்ரென்ட், கையில் அந்த வாரத்துத் தாளோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"லாரி வந்துடுச்சு," என்றான்.

மார்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். "நிக்கட்டும். உக்காரு ட்ரென்ட், நேரமாகும்."