கடைசிச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை, விநாயக் இட்லியில் கை வைத்த நேரம் பார்த்து மனோகர் தன் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினான். திரையில் விநாயக்கே பேசிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர் மைதானம், சிவப்புத் தொப்பி, ஆறு வருடத்துக்கு முந்தைய பேட்டி. கடைசிச் சுற்றுக்கு எங்கள் ஊரிலிருந்து இருவரைக் கூப்பிட்டார்கள், நண்பன் வரவில்லை, எனக்கு அதிர்ஷ்டம் என்று தடுமாறும் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

"இன்னாடா இது?"

விநாயக் இட்லியிலிருந்து கையை எடுத்தான்.

இருவரும் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தின் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து போட்டவர்கள். எட்டு வருடத்துக்கு முன், பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாமலே பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார்கள். நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும், வேகத்தை ஒரு கருவி அளக்கும், அவ்வளவுதான். மனோகரின் போன் ரிப்பேரில் கிடந்ததால் அவனும் விநாயக்கின் நம்பரையே எழுதிக் கொடுத்தான். பத்து நாள் கழித்து அந்த நம்பருக்குக் கடைசிச் சுற்றுக்கான அழைப்பு வந்தது, இருவருக்கும். விநாயக் தனியாகப் போனான்.

தேர்வாகி அமெரிக்காவில் நான்கு சீசன் ஆடினான். அங்கே இருப்பதிலேயே கீழ்மட்ட அணி. ராத்திரி பகலாக பஸ் பயணம். முப்பத்தொரு ஆட்டங்களில் பந்தெறிந்தான். அறிவிப்பாளர் அவன் பெயரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. நான்காம் வருடம் முழங்கையில் ஏதோ அறுந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பந்து போனது, பழைய வேகம் வரவில்லை. கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தபோது மனோகர் விநாயக்கின் அக்கா ராதிகாவைக் கட்டிக்கொண்டு, விடியற்காலை ரயிலில் பெங்களூர் கம்பெனிக்குப் போய்வரும் ஆளாகியிருந்தான். விநாயக் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான்.

"மெய்தானா?" என்றாள் ராதிகா.

விநாயக் ஆமென்று தலையை ஆட்டினான். அவள் அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வா கிரவுண்டுக்கு," என்றான் மனோகர்.

"மாமா, என் கை போயிடிச்சி."

"உன் கை யாருக்கு வேணும்?"

சுரங்கக் கழிவு மண் மலையாய்க் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டுக்குக் கீழே இருந்தது மைதானம். விநாயக் கொண்டுவந்திருந்த பழைய பேஸ்பாலை மனோகர் வாங்கிக்கொண்டு தூரத்தைக் காலால் அளந்தான்.

"கிளவுஸ் எடுத்தாரல," என்றான் விநாயக்.

"நில்லு."

முதல் பந்து காதோரம் சீறிப் போய்ப் பின்னால் இருந்த சுவரில் மோதியது. விநாயக்குக் குப்பென்று வியர்த்தது. பயம் பாதிதான். நான்கு வருடம் அவனைச் சுற்றி நின்று எறிந்தவர்களில் இப்படிப்பட்ட வேகம் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. எட்டு வருடமாக எறியாத கை இது. அன்றைக்கே அவனுக்கு இது தெரியும், தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

இரண்டாவது பந்தை வெறுங்கையால் பிடித்தான். நடுவிரல் பின்பக்கம் மடங்கியது. கத்தாமல் பந்தை உருட்டிவிட்டான்.

"தப்புதான் மாமா."

"எட்டு வருஷம் சோறு போட்டு மாமான்னு கூப்ட வச்சேன்..." சோறு போட்டது நான்கு வருடம்தான், மனோகருக்குக் கணக்கு தவறியது. திருத்திக்கொள்ளவில்லை. "போதும்னு நெனச்சா ஓடு. நான் தொரத்த மாட்டேன்."

விநாயக் ஓடவில்லை. வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கால்களைச் சற்று அகட்டி நின்றான்.

மனோகர் இந்த முறை நின்ற இடத்திலிருந்து எறியவில்லை. முதுகைக் காட்டி நடந்தான். வேகப்பந்து போட ஓடிவரும் தூரத்தை அளப்பதுபோல் பதினெட்டு, இருபது அடி வைத்தான். மேட்டின் சரிவில் ஏறி, வெளிறிய மண்ணைச் செருப்பால் ஒதுக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினான்.