வேண்டாம் என்று அனுப்பிய வெங்காயம்

டொலிடோ நகர நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மத்தியானம் கூடும் எங்கள் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் ‘உப்பரசி’ நாவல் வாசகர்கள். ஏழு தொகுதி, ஆறாயிரம் பக்கம், நான் நான்கு முறை படித்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டுகிறவளுக்கு அரசியும் டிராகனும் எதற்கு என்று கேட்டவர்களோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த மார்ச்சில் செய்தி வந்தது. உப்பரசியைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒன்று மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற கேபிள் சேனல். இன்னொன்று ஆன்டெனாவை நீட்டினாலே வருகிற பெரிய சேனல். பெரிய சேனலின் லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடுவான், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சனிக்கிழமை காலையில் பார்ப்பான், மூன்றாவது வாரம் கழுத்தை நெரிப்பான். மந்திரவாதி, கடல்கன்னி என்று ஐந்து தொடர்களை அவனிடம் அநியாயமாகப் பறிகொடுத்திருக்கிறோம். கேபிள்காரன் ஆடி அசைந்துதான் எடுப்பான், ஆனால் முழுசாக எடுத்து வைத்துக்கொண்டுதான் ஒளிபரப்புவான்.

“எது சீக்கிரம் வருதோ அது வரட்டுமே,” என்றார் ஆர்லன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தோரு வயது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, வலது கண் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புத்தகம் படிப்பது நின்றுபோய் நாளாயிற்று. அரசி டிராகன் மேல் ஏறி உப்பளத்துக்கு மேலே பறப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை.

“சீக்கிரமா வந்து சீக்கிரமா சாகறதுக்கா?” என்று நான் எகிறினேன். “கேபிள்னா ரெண்டு வருஷம் ஆகும். ஆனா உருப்படியா வரும்.”

“ரெண்டு வருஷம் கழிச்சுன்னா டிராகனை நான் தடவித்தான் பாக்கணும் தாயே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ரசிகர்கள் சேனலுக்குப் பொட்டலம் அனுப்புவது எங்கள் ஊரில் புதிதல்ல. தொடரை நிறுத்தாதே என்று மிட்டாய், செருப்பு என்று எதையாவது மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். எடுக்கவே எடுக்காதே என்று யாரும் அனுப்பியதில்லை. அந்தப் பெருமை எங்களுக்குத்தான். யோசனை சொன்னது ட்ரூடி, பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். நாலாம் தொகுதியில், உப்பு நாட்டில், மாப்பிள்ளை பிடிக்கவில்லையென்றால் பெண்வீட்டார் அவன் வீட்டுக்கு ஒரு வெங்காயம் அனுப்புவார்கள். பேச்சே கிடையாது. வெங்காயம் வந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

“கடுதாசி வேற எதுக்குடி? படிச்சவனுக்குப் புரியும்,” என்றாள் ட்ரூடி.

“படிக்கலைன்னா?” என்று கேட்டார் ஆர்லன்.

“கதையை வாங்க வர்றவன் படிக்காமயா வருவான்?” என்று அவர் வாயை அடைத்தேன்.

இணையத்தில் ட்ரூடி ஒரு வரி போட்டாள். நாடு முழுவதிலுமிருந்து நாலாயிரத்துச் சொச்சம் வெங்காயம் பெரிய சேனலுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் தபால்நிலையப் பெண்மணி மூக்கைப் பிடித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

மே மாதம் பெரிய சேனலின் தலைவர் நியூயார்க்கில் மேடையேறினார். ஒரு கைக்கு ஒரு வெங்காயம். “உப்பரசி ரசிகர்களின் அன்பு எங்கள் அலுவலகத்தையே அழவைத்துவிட்டது,” என்றார். செப்டம்பரிலிருந்து வெள்ளிதோறும் ஒளிபரப்பாம். இவ்வளவு வெங்காயம் வாங்கின ஆளோடு நமக்கென்ன போட்டி என்று கேபிள்காரன் ஒதுங்கிக்கொண்டான்.

சேனலுக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“உங்க வெங்காயத்துக்கு ரொம்ப நன்றி, மேடம்.”

“அம்மா, அது எடுக்காதீங்கன்னு அனுப்பினது. நாலாம் தொகுதியில இருக்கு.”

“நாலாம் தொகுதியா? எங்க சார் அட்டைப்படம் பாத்துத்தான் வாங்கினார். லெட்டர் வந்தாலே நாங்க பிரிக்கிறதில்ல மேடம், எடைதான் போடுவோம். இந்த வருஷம் உங்களுதுதான் அதிக எடை.”

செப்டம்பரில் தொடர் வந்தது. அரசி சிகாகோவில் போலீஸ் அதிகாரி. வாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறாள். டிராகனை வரைய செலவு கட்டுப்படியாகவில்லை போலும், அது கார் டிக்கிக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்தது. முதல் வாரம் ட்ரூடி திரையைப் பார்த்துத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது. ஆர்லன் மட்டும் மூக்கு திரையில் முட்டுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “குரல் நல்லாத்தான் இருக்கு,” என்றார். மூன்றாவது வாரம் டிராகன் டிக்கியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து அரசியைச் சுமந்து பறக்கும் என்று விளம்பரம் சொன்னது. அந்த இரண்டு வாரத்தில் அவருக்கு வாசற்படி கூட மங்கிவிட்டது. வெளிச்சமும் அசைவும் மட்டும்தான் தெரிகின்றன என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் இறைச்சி ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். ஆர்லன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். எட்டு மணி ஆனது. திரையில் ஜிகினா உடுப்பு போட்ட ஒருத்தி, ஒருவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். நடனப் போட்டி. ட்ரூடி கைபேசியைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மத்தியானமே தொடரை நிறுத்திவிட்டார்களாம். பறக்கிற காட்சி இனி வரவே வராது.

நான் சட்டென்று சத்தத்தை அடைத்தேன்.

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் ஆர்லன், கழுத்தை நீட்டி.

“ஆச்சு. சத்தம் மட்டும் வரலை, அவங்க பக்கத்துக் கோளாறு. நான் சொல்றேன், கேளுங்க.” அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அரசி உப்பளத்து வரப்புல வந்து நிக்கிறா. காத்து பலமா அடிக்குது. டிராகன் எறக்கைய விரிக்குது.”

“பளபளன்னு தெரியுதே, அதா?”

“அதுதான்.”

அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கினார். “டிராகன் இடுப்ப இடுப்ப ஆட்டுதே, லோர்னா,” என்றார். “டான்ஸ் போட்டிதான ஓடுது? நிறுத்திட்டானா?”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “என்னாலதான் ஆர்லன். நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும். பெரிய புத்திசாலி மாதிரி ஆடினேன். உங்க கண்ணோட விளையாடிட்டேன்.”

“ஆமா, உன்னாலதான்,” என்றார் அவர். திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “அழுகைய அப்புறம் வெச்சுக்கோ. இந்த வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சிரலாம். அவ இன்னும் வரப்புலயே நிக்கிறா பாரு. ஏத்தி விடு.”

நான் மூக்கை உறிஞ்சிவிட்டு, அரசியை டிராகன் மேல் ஏற்றினேன்.