அவசரம் ஒன்றும் இல்லை

“வீட்டுல வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, கைக்குழந்தை, இப்படி யாராவது இருக்காங்களா மேடம்?” என்று தொலைபேசியில் ஏசி கம்பெனிப் பெண் கேட்டாள்.

ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் ஐஸ்கட்டி சுற்றிய துவாலையுமாக ஆர்டிஸ் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கூடத்தின் நடுவில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் அங்கிருந்தே தெரிந்தது. அதில் அவள் கணவர் ரெய்னோ வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அவள் ஐந்து எண்ணினாள்.

“நாங்க சமாளிச்சுக்குவோம்மா. எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கு எப்போ தோதுப்படுதோ அப்போ ஆள் அனுப்புங்க. அவசரம் ஒண்ணும் இல்லை.”

“அப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆகும் மேடம்.”

“பரவாயில்லை. ரொம்ப நன்றி.”

வைத்த பிறகு தொலைபேசியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. மேஜைமேல் பக்குவமாக வைத்துவிட்டுப் போய்த் துவாலையை ரெய்னோவின் நெற்றியில் போட்டாள். காலை பத்தரைக்கு நின்றுபோன ஏசிக்காக அவள் பேசிய மூன்றாவது தொலைபேசி அது. இப்போது மணி ஒன்றேகால். வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி, உள்ளே தொண்ணூற்று நான்கு. ஜூலை மாதத்தில் இந்த ஊரில் ஏசி நின்றால் வீடு என்பது நான்கு சுவர் வைத்த அடுப்புதான்.

செவிலி ஒன்பது மணிக்கே வந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கோ நாளைக்கோதான், மனசைத் தேத்திக்குங்க,” என்று சொல்லிப் போயிருந்தாள். எதுவானாலும் எந்நேரமானாலும் கூப்பிடச் சொல்லி எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தாள். ஆர்டிஸ் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஆறு வீடு பார்க்க வேண்டுமே. மகள் லெனோர் நாளை மாலை விமானத்தில் வருகிறாள். இன்றைக்கே கிளம்பட்டுமா என்று அவள் கேட்டபோது, அடித்துப் பிடித்து வர வேண்டாம் என்று சொன்னவளும் இந்த மகராசிதான்.

வடக்கே, பனி கொட்டுகிற டுலூத் ஊர்க்காரர்களைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அங்கே ஒரு வீட்டுக்குப் போனால் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொரு தடவை கேட்பார்கள். அப்போதும் வேண்டாம், சும்மா சிரமப்பட வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரை கோப்பை என்று சொல்லிவிட்டு மூன்று கோப்பை குடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் பனியில் கழுத்தளவு புதைந்து கிடந்தாலும், தூக்கிவிடட்டுமா என்று கேட்டால், இப்போதுதான் விழுந்தேன், நீங்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்பான். எழுபத்தொரு வயது வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஆர்டிஸ். எட்டு மாதத்துக்கு முன்பு ஃபீனிக்ஸ் ஓரத்தில் இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் உலகத்தில் மற்றவர்கள் ஒரே ஒரு தடவை கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரிய வந்தது. தெரிந்து என்ன, வாய் கேட்க வேண்டுமே.

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு ரோசால்வா.

“என்ன மிசஸ் ஆர்டிஸ், உங்க கூரை மேல மெஷின் சத்தத்தையே காணோம்? எங்க வீட்டு நாய்கூட நிம்மதியாத் தூங்குது.”

“காலையில நின்னுபோச்சு. ஆள் வருவாங்க.”

ரோசால்வா அவள் தோளுக்கு மேல் எட்டிக் கட்டிலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அடக் கடவுளே, இந்தச் சூட்டுலயா அவரை வெச்சிருக்கீங்க? எங்க வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. பசங்க ரெண்டு பேரும் வீட்லதான் இருக்காங்க, கட்டிலோட தூக்கிடுவாங்க. ரெண்டு நிமிஷம் ஆகாது.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? சமாளிச்சுக்குவோம்.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“நிஜமாத்தான்.”

“சரி, உங்க இஷ்டம். நாங்க எல்லாரும் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறோம், அதுக்கு முன்னாடின்னா சொல்லுங்க.”

கதவைச் சாத்திய பிறகும் ஆர்டிஸ் கைப்பிடியை விடவில்லை. இன்னொரு தடவை மணி அடிக்கும் என்று காத்து நின்றாள். சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. இந்த ஊரில் புல் கிடையாது. வாசலில் சரளையைக் கொட்டி, நடுவில் ஒரு முள்செடியை நட்டு, அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போனவள் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னொரு தடவை கேட்டால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா?

அவளுடைய இடுப்பெலும்புதான் அவர்களை இங்கே கொண்டுவந்தது. போன வருஷம் பிப்ரவரியில் தபால் எடுக்கப் போனவள் உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். கட்டிலில் கிடந்த மூன்று மாதமும் ஜன்னலுக்கு வெளியே பனி, பனி, பனி. ஒருநாள் எரிச்சலில், “இன்னொரு குளிர்காலத்தை நான் இந்த ஊர்ல பார்க்க மாட்டேன் ரெய்னோ. எங்கேயாவது வெயில் அடிக்கிற ஊருக்குப் போயிடணும்,” என்றாள். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெரிய ஏரியின் கரையை விட்டு நகராத மனிதர், ஏரி உறைந்தால் அதில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர். மறுத்தால் அவளும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு விட்டிருப்பாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “சரி,” என்றார். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் சொன்னதை முதல் தடவையே அப்படியே எடுத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வந்த நான்காவது மாதம் கணையத்தில் கட்டி என்றார்கள்.

இரண்டரை மணிக்கு உள்ளே தொண்ணூற்று எட்டு. ஐஸ் தீர்ந்துவிட்டது. உறைபெட்டியிலிருந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து அவர் அக்குளில் வைத்தாள். ரெய்னோவின் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“ஆர்வோ, போதும்டா. இனிமே தண்ணி ஊத்தாதே.”

ஆர்வோ என்பது அவருடைய தம்பி. செத்து இருபது வருஷம் ஆகிறது. டுலூத் வீட்டின் பின்னால் அவர்களுடைய அப்பா மரப்பலகையால் கட்டிய சானா என்ற நீராவிக் குளியலறை இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அண்ணனும் தம்பியும் அதில் அடுப்பு மூட்டி, பழுத்த கல்லில் தண்ணீரை ஊற்றி, நீராவியில் வெந்து சிவந்து, யார் முதலில் ஓடுகிறான் பார்ப்போம் என்று வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கதவைத் திறந்துகொண்டு கத்தியபடி போய்ப் பனியில் விழுவார்கள்.

“ரெய்னோ, நான்தான். ஆர்டிஸ்.”

“நீயே ஜெயிச்சுக்கோ. கதவைத் திற. நான் வெளியே போறேன்.”

“இதோ, ஆள் வந்துடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“கதவைத் திறடா,” என்றார் அவர். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. வலி உயிர் போனபோதுகூட மருந்து வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத மனிதர்.

ஆர்டிஸ் எழுந்தாள். தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். அதே இசை, அதே காத்திருப்பு, பிறகு வேறொரு பெண். அவள் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆர்டிஸ் கத்தினாள்.

“என் புருஷன் செத்துக்கிட்டிருக்கார்! கேக்குதா? இங்கே வெந்து செத்துக்கிட்டிருக்கார். எனக்கு இப்பவே ஆள் வேணும்!”

எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

“மேடம், மன்னிச்சுக்குங்க. இங்கே மூணு தடவையும் அவசரம் இல்லைன்னு எழுதியிருக்கு. காலையிலேயே சொல்லியிருந்தா பதினொரு மணிக்கே ஆள் வந்திருக்கும். முதல் இடம் உங்களுக்குத்தான் குடுத்திருப்போம்.”

“இப்போ சொல்றேனே!”

“இப்பவே அனுப்பறேன். அரைமணி, நாப்பது நிமிஷத்துல வந்துடுவாங்க.”

நாற்பது நிமிஷம். அவள் செருப்பைக்கூட மாட்டவில்லை. காலுறையோடு வாசலில் இறங்கிச் சரளையில் ஓடினாள். ஒவ்வொரு கல்லும் சுட்டது. ரோசால்வாவின் வீட்டு மணியை அடித்தாள். நாய் குரைத்தது. மறுபடி அடித்தாள். கதவைக் கையால் தட்டினாள். வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். “தூக்கிட்டுப் போங்க, ரோசால்வா, தயவு பண்ணித் தூக்கிட்டுப் போங்க,” என்று மூடிய கதவிடம் இரண்டு தடவை சொன்னாள். எதிர்வீட்டுக்கு ஓடினாள். கோடைக்கு வடக்கே போய்விடுகிறவர்களின் வீடு அது, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. அதற்கு அடுத்த வீடும் அப்படியே. இப்படி ஒரு தெருவா? நாற்பது வீடு கட்டி வைத்து, ஒரு மனித முகம் இல்லாத தெருவா?

திரும்பி வந்தபோது பட்டாணிப் பொட்டலம் தரையில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தாள். அவர் அக்குளில் திரும்ப வைக்கப் போனவள் நின்றாள். ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

போயும் போயும் ஐந்து நிமிஷம். நான்கு மாதமாக அவரை விட்டு ஐந்து நிமிஷம் நகராதவள், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டப் போன நேரம் பார்த்து. கோபம்தான் முதலில் வந்தது, அழுகை வரவில்லை. “ஒரு அஞ்சு நிமிஷம் பொறுக்கக் கூடாதா உனக்கு?” என்று அவரிடமே கேட்டாள். பிறகு அவருடைய வாயை மெல்ல மூடி, கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ஏசிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், தொப்பையும் ஏணியுமாக மூச்சிரைக்க நின்றார். சட்டையில் வெர்னன் என்று பெயர் தைத்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் கட்டிலைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தூங்குறாரா? நல்லவேளை. நான் சத்தம் போடாமப் பார்க்கிறேன்மா.”

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். சொன்னால் இந்த மனிதர் பாவம் தவித்துப்போவார். என்ன சொல்வது, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

கூரைமேல் அவர் நடப்பது கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒவ்வோர் அடியாக அழுத்தாமல் வைத்து நடந்தது. திருகாணி கழல்கிற சத்தம்கூட அடக்கமாக இருந்தது. கால்மணி நேரத்தில் இறங்கி வந்தார்.

“கெப்பாசிட்டர் போயிடுச்சு. வேற ஒண்ணும் இல்லை, மாத்திட்டேன். பத்து நிமிஷ வேலை,” என்று கிசுகிசுத்தார்.

கூரையில் இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கட்டிலுக்கு நேர் மேலே இருந்த காற்றுத் துளையிலிருந்து முதலில் தூசி வாசமும் பிறகு குளிர்ந்த காற்றும் வந்தன. ரெய்னோவின் நெற்றி முடி அசைந்தது.

“இனிமே நிம்மதியாத் தூங்குவார்,” என்ற வெர்னன், நுனிக்காலில் சுவரோரம் நடந்துபோய், ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கிற சுவர்ப் பெட்டி முன் நின்றார். “எத்தனைல வைக்கட்டும்மா?”

அந்தப் பெட்டி விஷயத்தில் குடிவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பேச்சில்லாத ஒரு சண்டை நடந்துவந்தது. அவர் அறுபத்தைந்தில் வைப்பார். அவள் அந்தப் பக்கம் போகும்போது எண்பதுக்கு ஏற்றுவாள். அவள் இடுப்புக்குக் குளிர் ஆகாது. அவர் திரும்ப இறக்குவார். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படுக்கையோடு போன பிறகு அது எண்பதிலேயே நின்றுவிட்டது.

“அறுபத்தஞ்சுல வைங்க.”

“அறுபத்தஞ்சா?” வெர்னன் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். “பெரியவருக்குக் குளிராது?”

“அவர் டுலூத்காரர்.”

“ஓ, அப்போ சரிதான்,” என்று ஓசையில்லாமல் சிரித்தார். எண்ணை இறக்கி வைத்தார். ஏணியை எங்கும் இடிக்காமல் சாய்த்து எடுத்துக்கொண்டு, வாசல் கதவைத் தாழ்ப்பாள் சத்தம்கூடக் கேட்காமல் சாத்திவிட்டுப் போனார்.