மரை வேட்டைக்கு எந்தத் துவக்கு?

கட்டுத்துவக்கின் குழலுக்குள் வெடிமருந்தை இடித்து இறுக்கிய கம்பியை வெளியே எடுக்க மறந்து விசையை இழுத்தேன். கம்பி பறந்துபோய் டெஸ்ஸின் ஹோல்டன் காரின் முகத்தில் குத்தி நின்றது. மரைமான் எதற்கும் காயமில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு. புலம்பெயர்ந்து வந்து நான் வேலை செய்த கிளேட்டன் தொழிற்சாலையில் வெள்ளைக்கார டெஸ் எங்கள் போர்மன். “வன்னிக் காட்டில நாங்கள் கட்டுத்துவக்காலதான் சுடுறது” என்று தேநீர் வேளையில் நான் அளந்ததை நம்பி என்னையும் வேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தான். யாழ்ப்பாணப் பட்டினத்தான் நான். அதுவரை கையில் கடித்த நுளம்பு மட்டுமே கொன்றவன்.

அடுத்த வருடம் என்னையும் கூட்டிப்போகச் சொல்லி நானாகவே கேட்டேன்.

“அந்த மலையில கட்டுத்துவக்கு கூடாது மேட். ரைஃபிள்தான் சட்டம்” என்றான் டெஸ்.

ரைஃபிள் வாங்கினேன். லைசென்சும் எடுத்தேன்.

“குசினிக்குள்ள ஓடுற எலியைப் பிடிக்கத் துப்பில்லை. ஐயா மரை சுடப் போறார்” என்றாள் மனைவி விமலா.

“மரை ஆருக்கு வேணும்? திங்கக்கிழமையில டெஸ்ஸும் மற்றவங்களும் மலைக்கதை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கள். நான் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

அவள் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. என் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

ரைஃபிளோடு போய் நின்றேன். “இந்த முறை பழைய துவக்குக்கு மட்டும்தான் அனுமதி மேட். ரைஃபிளைக் கண்டால் பறிச்சுப்போடுவாங்கள்” என்றான் டெஸ். கட்டுத்துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அதற்குள் அதன் மருந்துக்குத் தனி அனுமதி என்று இன்னொரு சட்டம் பிறந்தது. அந்த மலையில் மேயும் மரைகளின் மூதாதையரும் எங்கள் தீவிலிருந்து கப்பலேறி வந்தவைதாம். அவற்றிடம் எவனும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் துவக்குக் கடைக்காரரிடம் போய் இந்தச் சட்டங்களை விசாரித்தேன். “ரெண்டுக்கும் விதி வேறதான். ஆனால் நீர் சொல்லுற ஒண்டும் அதில இல்லை” என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிய, டெஸ் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். பின்சீற்றில் ஓர் ஆள் இருக்க இடமிருந்தது.

“சட்டத்தை விடு, டெஸ். ஏன் என்னைக் கூட்டிப்போறாயில்லை?”

அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

“நீ நல்லவன், நித்தி. ஆனால் உன்னைப்போல ஆக்களைப் பற்றிக் கதைச்சுச் சிரிக்கத்தான் நாங்கள் அங்க போறது. நீ பக்கத்தில இருந்தால் எப்பிடிக் கதைக்கிறது?”