கை வைத்த உயரம்

ஸ்டூடியோவில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கத்திரிக்கோல் எல்லாம் கிடையாது, கம்ப்யூட்டரும் மவுசும்தான். பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கும் குடும்பத்தை ஒரு முடி பிசிறாமல் வெட்டி எடுத்து, அருவிக்கரையிலோ பனிமலையிலோ கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. ரப்பர் செருப்போடு பனிமலை ஏற ஆசைப்படும் மாமனார்களின் காலடியில் பனியைக் குவித்துக் குவித்தே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அன்று வந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, சின்ன மகள். நான்காவது ஆள் அப்பாவின் செல்போனில் இருந்தாள். பெரியவள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஏழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். ஏரி பார்க்கணும், ஏரி பார்க்கணும் என்று உயிரை வாங்கிக்கொண்டே இருந்தாளாம்.

"அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்குன்னு சொல்லியே ஏமாத்திட்டேன்மா," என்றார் அப்பா. "படத்துலயாவது நாலு பேரும் ஏரிக்கரையில நிக்கணும்."

கத்திரி அவர்களை நடுவில் இடம் விட்டு நிற்கச் சொன்னாள். "அம்மா, பெரியவ தோள்ல கை போட்ட மாதிரி வைங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெறுங்காற்றில் கையை வைத்தாள்.

படம் எடுத்து, அவர்களை உட்காரவைத்துவிட்டு, கத்திரி வேலையில் இறங்கினாள். மூவரையும் வெட்டினாள். பின்னால் ஏரியை விரித்தாள். செல்போன் படத்தில் பெரியவள் அம்மாவோடுதான் நின்றிருந்தாள், அதனால் உயரத்தில் சந்தேகமே இல்லை. அதே அளவில் நடுவில் வைத்தாள். வைத்ததும் இடித்தது. அம்மாவின் கை தோளில் உட்காராமல் பிள்ளையின் காதோரம் அந்தரத்தில் நின்றது.

கை தப்பு என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் பிள்ளையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினாள். தோள் கைக்கு வந்தது. ஆனால் பால்பல் விழுந்த அந்தச் சிரிப்பு, அவ்வளவு பெரிய முகத்தில் யாரோ போல இருந்தது. சட்டென்று பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டாள்.

"கையைக் கொஞ்சம் உசரத்துல வச்சுட்டீங்கம்மா."

"சரியாத்தான் வச்சேன்," என்றாள் அம்மா. "இப்ப அவ்ளோ உசரம் இருப்பா. எங்க வீட்டுப் பிள்ளைங்க பத்து வயசுல கிடுகிடுன்னு வளந்துடுங்க."

சட்டை அளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள். மூன்று வருடமாக இந்தத் தாய் யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். புருஷனுக்கே தெரியாது போல. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவள் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "அக்கா ஏம்மா என்னைவிடக் குள்ளமா இருக்கா?"

அம்மா திரையில் இருந்த இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை நான் இதுலயே இறக்கிடறேன்மா, ரெண்டு நிமிஷ வேலை," என்றாள் கத்திரி. "நீங்க மறுபடி நிக்க வேணாம்."

"வேணாம். நானே இறக்கறேன்."

அம்மா போய்ப் பச்சைத் திரைக்கு முன்னால் தனியாக நின்றாள். கை முதலில் பழைய இடத்துக்கே போனது. பிறகு பத்து வயதுத் தோளிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது, ஒன்பதிலிருந்து எட்டுக்கு. எட்டில் ரொம்ப நேரம் நின்றது. கை இன்னும் கொஞ்சம் இறங்கி, தானாகவே நின்றது.

"இவ்ளோதாங்க இருந்தா என் பொண்ணு," என்றாள் அம்மா. கையை அங்கிருந்து எடுக்காமலே ஓவென்று அழுதாள்.